கரும்பா, காய்கறியா, சூரியத் தகடா? ஒரு நிலமும் அதன் ஆற்றல்–நேரக் கணக்கும்

மொரீசியசின் வடக்கே பாம்ப்ளெமூஸ் வட்டாரத்தில், எங்கள் கோயில் சங்கத்துக்கு உரிய நான்கு ஆர்ப்பாங் கரும்பு நிலத்தை என்ன செய்வது என்பதை வரும் பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஓர் ஆர்ப்பாங் 4,221 சதுர மீட்டர். ஓர் ஏக்கரைவிடச் சற்றுப் பெரியது. தானமாக வந்த நிலம் ஆதலால், மனைகளாகப் பிரித்து விற்கும் பேச்சை முன்னைய பொதுக்குழுவே தள்ளிவிட்டது. எஞ்சி நிற்பவை மூன்று யோசனைகள். பழைய கட்டைகளைப் பெயர்த்துவிட்டுக் கரும்பையே மறுபடி நடுவது ஒன்று. சங்கத்தார் உழைப்பில் காய்கறி பயிரிட்டு, அன்னதானத்துக்குப் போக மிச்சத்தை விற்பது இரண்டாவது. சூரிய மின்தகடு அமைக்க ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவது மூன்றாவது. கரும்பு வரிசைகளுக்கு நடுவே உருளைக்கிழங்கை ஊடுபயிராக இடுவது என்ற நான்காவது யோசனை, நிலக் குழுவில் இருக்கும் மூத்த தோட்டக்காரர் ஒருவரால் பின்னர் சேர்ந்தது. இந்த நான்கையும் ஆற்றலையும் மனித நேரத்தையும் அளவுகோலாகக் கொண்டு ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை.

ரூபாய்க் கணக்கு ஏன் போதாது என்று கேட்கப்படும். போதாது என்பதற்கு எங்கள் தீவின் கரும்பே சாட்சி. 1975-இல் கையெழுத்தான லோமே ஒப்பந்தத்தின் சர்க்கரை நெறிமுறைப்படி ஐரோப்பா எங்கள் சர்க்கரைக்கு உலகச் சந்தையைவிட மிக உயர்ந்த, உறுதியளிக்கப்பட்ட விலை தந்துவந்தது. 2006-க்குப் பிறகு அந்த விலை படிப்படியாக 36 விழுக்காடு வெட்டப்பட்டது. 2009-இல் நெறிமுறையே முடிந்தது. 2017-இல் ஐரோப்பா தன் உள்நாட்டு உற்பத்திக்கு வைத்திருந்த ஒதுக்கீட்டு வரம்பையும் நீக்கிவிட்டது. நிலம் மாறவில்லை, மழை மாறவில்லை, ஒரு டன் கரும்பை வெட்ட ஆகும் நேரமும் மாறவில்லை. ஆனாலும் முப்பது ஆண்டு லாபக் கணக்கு சில ஆண்டுகளில் நட்டக் கணக்காயிற்று. விலை என்பது பிறர் எடுக்கும் முடிவு. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நிலத்தைக் கட்டிப்போடும் முடிவொன்றை அந்த ஒற்றை எண்ணை வைத்து எடுப்பது சரியன்று.

ஆற்றலையும் நேரத்தையும் வைத்துச் சமூகத்தை எடைபோடும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொருளியலாளர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன், எந்த உற்பத்தியிலும் இரண்டு வகைப் பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1971-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். நிலம், மனிதர், கருவி ஆகியவை வேலைக்குள் நுழைந்து, வேலை முடிந்தபின் அதே அடையாளத்தோடு வெளியே வரவேண்டியவை. அவற்றைப் பராமரிக்க வேண்டும். எரிபொருள், உரம், சர்க்கரை ஆகியவை ஓடிக் கடப்பவை. ஒரு முறை பயன்பட்டால் தீர்ந்தன. இந்தப் பிரிவினையை அடித்தளமாக்கி, மாரியோ ஜாம்பியெத்ரோவும் கோசோ மயூமியும் சமூகத்தின் வளர்சிதை மாற்றத்தைப் பல மட்டங்களில் ஒருசேரக் கணக்கிடும் முறையொன்றை வளர்த்தெடுத்தார்கள். மியூசியாசெம் என்ற சுருக்கப் பெயரால் அது வழங்குகிறது. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-இல் இம்முறையைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட மூன்று இடங்களில் மொரீசியசும் ஒன்று. மற்றவை இந்தியாவின் பஞ்சாபும் தென்னாப்பிரிக்காவும். கரும்பை எத்தனாலாக மாற்றினால் என்ன ஆகும், கரும்பு நிலத்தை உள்நாட்டு உணவுக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்பவையே எங்கள் தீவைப் பற்றி அங்கே கேட்கப்பட்ட கேள்விகள். தென்னாப்பிரிக்க நிலக்கரியில் எரியும் விளக்கின் கீழே இந்திய அரிசியைச் சமைக்கும் எங்களுக்கு, அந்த மூன்று இடங்களும் ஒரே அடுக்களையில் சந்திப்பவை என்பது தற்செயலான பொருத்தம்தான்.

அம்முறை எந்த யோசனையிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. இயற்கை இடங்கொடுக்குமா? நம்மிடம் இருக்கும் ஆளும் கருவியும் தாங்குமா? மக்கள் அந்த வாழ்க்கையை விரும்புவார்களா? எங்கள் கூட்டங்களில் முதல் கேள்வி எப்போதும் எழுகிறது. மூன்றாவது கேள்வி உரக்கவே எழுகிறது. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. எல்லா யோசனைகளும் இடறி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

தீவின் கையிருப்பில் உள்ள மணி நேரம்

ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஏறத்தாழ 12.6 லட்சம் மக்கள் வாழும் எங்கள் நாட்டின் மொத்த நேரக் கையிருப்பு ஆண்டுக்கு 1,100 கோடி மணி. இதில் உறக்கம், உணவு, பிள்ளைப் பருவம், படிப்பு, முதுமை, வீட்டு வேலை எல்லாம் போக, கூலிக்கோ சம்பளத்துக்கோ செலவாகும் நேரம் எவ்வளவு? ஐந்தரை லட்சம் பேர் ஆண்டுக்கு 1,900 மணி நேரம் உழைப்பதாகக் கொண்டால் சுமார் 105 கோடி மணி. அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஹோட்டல், துறைமுகம், வங்கி, தையல் தொழிற்சாலை எல்லாம் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் போட்டியிடுகின்றன. உழைப்பாளர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான் வேளாண்மையில் இருக்கிறார். அப்படியானால் தீவு முழுவதும் மண்ணைத் தொடும் கூலி நேரம், மொத்த நேரத்தில் இருநூறில் ஒரு பங்கு.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960-இல் இங்கு வந்து 1961-இல் அறிக்கை தந்த பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், பெருகிவரும் மக்கள்தொகைக்கு வேலை எங்கிருந்து வரும் என்றே கவலைப்பட்டார். 1968-இல் விடுதலை பெற்றபோது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை. மனித நேரம் மிதமிஞ்சியும், அதை ஏற்க வேலை இல்லாமலும் இருந்த தீவு இது. 1970-இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் வந்தது. தையல் ஆலைகள் குறிப்பாகப் பெண்களின் நேரத்தை ஈர்த்துக்கொண்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்க்கரைத் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, ரொக்கமும் ஒரு துண்டு மனையும் பெற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வயலை விட்டு வெளியேறினார்கள். இன்று வங்காளதேசத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் நேரத்தை இறக்குமதி செய்கிறோம். 60 வயதில் எல்லோருக்கும் கிடைத்துவந்த முதியோர் ஓய்வூதியத்தின் தகுதி வயதைப் படிப்படியாக 65-க்கு உயர்த்துவதாக 2025-26 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தபோது எழுந்த கொந்தளிப்பும், சாராம்சத்தில், சமூகத்தின் நேரக் கையிருப்பு பற்றிய சண்டைதான்.

எங்கள் முன்னோருக்கு இந்தக் கணக்கு தோலில் பதிந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது. ‘இரட்டை வெட்டு’ என்றே அதற்குப் பெயர். 1871-இல் அடால்ஃப் து ப்ளெவித்ஸ் கூலிகளுக்காகத் திரட்டிய விண்ணப்பத்துக்குப் பிறகு 1872-இல் பிரிட்டனிலிருந்து விசாரணை ஆணையம் வந்தது. தோட்ட முதலாளிகள் மணி நேரத்தை மிகத் துல்லியமாக எண்ணினார்கள். ஆனால் தங்கள் லாபத்துக்காக எண்ணினார்கள். அதே எண்ணிக்கையை நாம் நம் தேவைக்காகச் செய்யக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கரும்பு

இனி ஓர் ஆர்ப்பாங்கை எடுத்துக்கொள்வோம். இங்கே சராசரி விளைச்சல் எக்டேருக்கு 70 டன்னைச் சுற்றியே இருப்பதால், ஆர்ப்பாங்குக்கு 30 டன் கரும்பு என்று வைக்கலாம். அதிலிருந்து 3 டன் சர்க்கரை வரும். ஏறத்தாழ 9 டன் ஈரச் சக்கை வரும். புதிய கொதிகலன் உள்ள ஆலையில் அதை எரித்தால், கரும்பு டன்னுக்கு 100 முதல் 130 யூனிட் வரை மின்வாரியக் கம்பிக்குப் போகும். எனவே ஆர்ப்பாங்குக்கு 3,000 முதல் 4,000 யூனிட். கழிவுப்பாகு ஒரு டன் அளவு தனி. சக்கையிலிருந்து மின்சாரம் எடுத்து விற்பதில் மொரீசியஸ் உலகுக்கே முன்னோடி. 1957-இலேயே சென்ட் அந்த்வான் ஆலை பொதுக் கம்பிக்கு மின்சாரம் தந்தது. பெல் வியூ, ஃப்ளாக், லா பராக் என்று இன்று எஞ்சியிருக்கும் மூன்று ஆலைகளும் சர்க்கரை ஆலைகளாக இருப்பது போலவே மின் நிலையங்களாகவும் இருக்கின்றன.

நேரத்தைப் பார்ப்போம். கையால் வெட்டும் நல்ல ஆள் நாளுக்கு 3 டன்னுக்குக் குறையாமல் வெட்டுவார். 30 டன்னுக்கு 10 ஆள்-நாள். களை, உரம், ஏற்றுதல், ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் மறுநடவின் பங்கு ஆகியவற்றைச் சேர்த்தால் ஆர்ப்பாங்குக்கு ஆண்டுக்கு 150 மணி நேரம் என்பது என் கணிப்பு. அறுவடை இயந்திரம் அதே 30 டன்னை ஒரு மணி நேரத்தில் வெட்டித் துண்டாக்கி வண்டியில் கொட்டிவிடும். டன்னுக்கு ஒரு லிட்டர் டீசல் என்றால் 30 லிட்டர். நாள் முழுதும் உழைக்கும் ஓர் உடல் தரும் இயக்க ஆற்றல் முக்கால் யூனிட்டுக்கு மேல் போவது கடினம். ஒரு லிட்டர் டீசலோ, எஞ்சின் வீணாக்கியது போகவே, ஏறத்தாழ மூன்று யூனிட் தருகிறது. நான்கு ஆளின் ஒரு நாள் வேலை ஒரு லிட்டர் குப்பிக்குள் அடங்குகிறது என்பதால்தான் வயலில் ஆள் இல்லை. இளைஞர்களின் சோம்பலைப் பழிப்பது காரணத்தை விட்டுவிட்டுப் பேசுவதாகும்.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். வெட்டும் டீசலைவிட உரம் அதிக ஆற்றலை விழுங்குகிறது. ஆர்ப்பாங்குக்கு 50 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இட்டால், அதைத் தொழிற்சாலையில் தயாரிக்க ஆகும் ஆற்றல் 80 லிட்டர் டீசலுக்கு ஒப்பாகும். “இயந்திரம் வந்ததால் எண்ணெய்ச் செலவு கூடியது” என்று அங்கலாய்ப்பவர்கள் உர மூட்டையை எண்ணெயாகப் பார்ப்பதில்லை.

எங்கள் நிலத்தில் இயந்திரம் நுழையுமா என்பதே கரும்பின் தலைவிதியைத் தீர்மானிக்கும். மொரீசியசின் வயல்களில் கூம்பு கூம்பாக நிற்கும் கருங்கல் குவியல்களை ஊரார் அனைவரும் அறிவார்கள். எரிமலைத் தீவின் மண்ணிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கையால் பொறுக்கிக் கூலிகள் அடுக்கியவை அவை. எங்கள் நான்கு ஆர்ப்பாங்கிலும் அப்படி இரண்டு குவியல்கள் உள்ளன. ஒன்றின் மேல் ஆளுயரத்துக்குப் புதர் முளைத்துவிட்டது; மேல்புறச் சரிவில் காலை வைத்தால் புல்லுக்கடியில் கல் உருளுகிறது. மண்வெட்டிக்கும் கத்திக்கும் அந்தக் கற்கள் பொருட்டல்ல. அறுவடை இயந்திரத்தின் அலகுக்கு அவை எமன். சிறு தோட்டங்களை ஒன்றிணைத்துக் கல் அகற்றி நீர் வசதி செய்துகொடுக்க அரசு ஃபோரிப் என்ற திட்டத்தை நடத்தியது. அத்திட்டம் வந்த காலத்தில் எங்கள் சங்கம் சேரவில்லை. பக்கத்து வயல்காரர்களோடு இப்போதாவது இணையாவிட்டால், நான்கு ஆர்ப்பாங்குக்காக ஓர் இயந்திரம் வந்து நிற்காது. கையால் வெட்ட ஆளும் கிடைக்காது. சிறு தோட்டக்காரர் தொகை இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழாகச் சுருங்கியதற்கு விலை வீழ்ச்சி பாதிக் காரணம் என்றால் இது மறுபாதி.

காய்கறி

உணர்ச்சி முழுதும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது அந்தப் பூசணியும் கத்தரியும் வாழைக்காயும் கோயில் நிலத்திலேயே விளைந்தவை என்று சொல்ல யாருக்குத்தான் ஆசை இராது? அதோடு, நாட்டின் உணவில் முக்கால் பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது என்ற உண்மை அச்சத்தையும் ஊட்டுகிறது. “நாமே விளைவிப்போம்” என்ற குரலுக்குக் கைதட்டல் நிச்சயம்.

ஆனால் எது கப்பலில் வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் வாதம் தளர்ந்துவிடுகிறது. அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், பால் மாவு, இறைச்சி: இவையே பெரும் இறக்குமதி. புதிய காய்கறியில் தீவு ஏற்கெனவே பெரும்பாலும் தன்னிறைவு உடையது. அரசு வணிகக் கழகம் இறக்கும் அரிசியையும் மாவையும் ஒரு கிலோகூட நம் வெண்டைக்காய் குறைக்கப்போவதில்லை. 8 டன் காய்கறி விளைந்தாலும் அதன் உணவு ஆற்றல் 20 லட்சம் கிலோகலோரி அளவே. இரண்டரைப் பேரின் ஆண்டுத் தேவை. அதே ஆர்ப்பாங்கின் 3 டன் சர்க்கரை பதின்மூன்று, பதினான்கு பேரின் ஆற்றல் தேவைக்குச் சமம். சர்க்கரையை மட்டும் தின்று எவரும் வாழ்வதில்லை என்பதும், காய்கறியின் பெறுமானம் கலோரியில் இல்லை என்பதும் உண்மையே. ஆற்றலை ஒரே எண்ணாகக் கூட்டுவது எங்கெங்கு வழுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆயினும் “உணவுப் பாதுகாப்பு” என்ற பெயரில் காய்கறியை முன்வைப்போர் அந்தச் சொல்லுக்குரிய சுமையை அது தாங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேரத்துக்கு வருவோம். ஓர் ஆர்ப்பாங் காய்கறி ஏறத்தாழ ஒரு முழு ஆளின் ஆண்டு உழைப்பைக் கேட்கும்: நாற்று, நடவு, நீர், களை, மருந்து, பறிப்பு, கட்டு, சந்தை என்று 1,800 மணி. கரும்பைப்போல் ஜூன் முதல் டிசம்பர் வரையிலான வெட்டுக் காலத்தில் குவிந்து கேட்கும் நேரமும் அன்று இது. தினமும், விடியலில், விடுமுறையிலும் கேட்கும் நேரம். நான்கு ஆர்ப்பாங்குக்கு 7,200 மணி. சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் ஆளுக்கு வாரம் மூன்று மணி என்று எழுதிக்கொடுத்தாலும், ஆண்டு முழுதும் தவறாமல் வரும் 46 பேர் வேண்டும். குரங்கும் ஆப்பிரிக்க நத்தையும் திருட்டும் கேட்கும் காவல் நேரம் இதில் சேராது. வரப்போகிறவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு நாலரை மணிக்கு மேலும் ஆண்கள் ஒன்றேகால் மணி அளவும் செலவிடுகிறார்கள் என்று 2003-இல் இங்கு எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டியது. கோயில் அடுக்களையிலும் அந்த விகிதம் பெரிதும் மாறியதாக நான் காணவில்லை. “சங்கத்தார் உழைப்பு” என்ற தொடர் அச்சில் இருபாலருக்கும் பொதுவாக நிற்கிறது. பாத்தியில் அது அம்மாக்களின் உழைப்பாகவே முடியும்.

தீவு அளவில் இதையே பெருக்கிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 2000-ஆம் ஆண்டளவில் 73,000 எக்டேர் இருந்த அறுவடைக் கரும்பு நிலம் இன்று 40,000 எக்டேருக்குக் கீழே வந்துவிட்டது. விட்டுப்போன நிலத்தில் 30,000 எக்டேரைக் காய்கறியாக்கினால் எழுபதாயிரம் முழுநேர ஆட்கள் வேண்டும்; அதாவது நாட்டின் உழைப்பாளர்களில் எட்டில் ஒருவர். நிலம் இடங்கொடுக்கிறது, மனமும் விரும்புகிறது, ஆளும் நேரமும் தாங்கவில்லை.

சூரியத் தகடு

எண்ணிக்கை இங்கே திகைக்க வைக்கிறது. ஓர் ஆர்ப்பாங்கில் 350 கிலோவாட் தகடு வைக்கலாம் என்றும், கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,450 யூனிட் என்றும் கொண்டால், 5 லட்சம் யூனிட் வருகிறது. மாதம் 200 யூனிட் செலவிடும் வீடு என்றால் இருநூறு வீட்டுக்கு மேல். அதே நிலத்தின் சக்கை மின்சாரம் ஒன்றரை வீட்டுக்குப் போதும். தகடு கழுவவும் புல் வெட்டவும் ஆண்டுக்கு 80 மணி என்று தாராளமாக வைத்தாலும் ஒரு மணி நேர உழைப்புக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. நாடு ஆண்டுக்கு உற்பத்தி செய்யும் சுமார் 300 கோடி யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைச் சூரியனிலிருந்து எடுக்க 1,200 ஆர்ப்பாங் போதும். இன்றைய கரும்பு நிலத்தில் நூற்றில் ஒன்றேகால் பங்கு. பச்சை இலை சூரிய ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தண்டில் சேர்ப்பதில்லை, சிலிக்கான் தகடு ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது என்ற இயற்பியல் வேறுபாடே இதற்குக் காரணம். கரும்பை ஆற்றல் பயிராக வளர்ப்பது பற்றிய பேச்சு, கூடுதல் நார் கொண்ட புதிய ரகங்கள் உட்பட, இந்த வேறுபாட்டை முதலில் எதிர்கொண்ட பிறகே தொடர வேண்டும் என்பது என் கருத்து.

எனினும் அந்த 6,000 யூனிட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. தகட்டுக்குள் உறைந்திருக்கும் நேரமும் ஆற்றலும் சீனத் தொழிற்சாலையின் கணக்கில் இருக்கின்றன. நாம் எண்ணியது கடைசிச் சில மணி நேரத்தை மட்டுமே. ஆற்றலைப் பொறுத்தவரை இது பெரிய தடையன்று: இந்த வெயிலில் தகடு தன்னைச் செய்ய ஆன ஆற்றலை ஓரிரு ஆண்டில் திருப்பித் தந்துவிட்டு, மேலும் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். நேரத்தைப் பொறுத்தவரை, நாம் அரிசியில் செய்வதையே மின்சாரத்திலும் செய்கிறோம். பிறநாட்டார் நேரத்தை வாங்குகிறோம். செய்யலாம், ஆனால் செய்கிறோம் என்று அறிந்து செய்ய வேண்டும்.

அடுத்தது, எந்த நேரத்தில் கிடைக்கும் மின்சாரம் என்பது. தகடு நண்பகலில் தருகிறது. தீவின் விளக்கும் அடுப்பும் தொலைக்காட்சியும் மாலை ஆறு மணிக்குமேல் கேட்கின்றன. மின்கலம் இல்லாத 5 லட்சம் யூனிட்டும் மின்கலத்தோடு கூடிய 5 லட்சம் யூனிட்டும் ஒன்றல்ல. சக்கை இரவிலும் எரியும். அது அதன் பெருமை. ஆனால் வெட்டுக் காலம் டிசம்பரில் முடிய, குளிர்சாதனங்கள் ஓடும் கோடையில் அதே கொதிகலனில் நிலக்கரி இறங்குகிறது. 2030-க்குள் நிலக்கரியை விடுவதாகவும், மின்சாரத்தில் 60 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவதாகவும் அரசு அறிவித்த இலக்கு தடுமாறும் இடம் இதுவே. சக்கையும் தகடும் ஒன்றையொன்று விரட்டும் எதிரிகளாக எங்கள் கூட்டத்தில் பேசப்படுகின்றன. உண்மையில் குளிர்கால இரவை ஒன்றும் கோடைப் பகலை மற்றொன்றும் பார்த்துக்கொள்கின்றன.

புயல் பற்றி ஒரு சொல். கரும்பு இத்தீவில் நிலைத்ததற்கு அது சாய்ந்தாலும் மீண்டும் எழும் என்பதே பழைய காரணம். 1975-இல் ஜெர்வேஸ் புயல் போன்ற ஒன்று வந்தால் காய்கறி முற்றாக அழியும். கரும்பு விளைச்சல் குறையும். தகட்டின் கதி அதன் சட்டத்தையும் அடித்தளத்தையும் பொறுத்தது. 15 மெகாவாட் திறனுடன் 2014 முதல் இயங்கும் பாம்பூ சூரியப் பண்ணை நிற்பதைப் பார்க்கும்போது, பொறியியல் தீர்வு உண்டு என்று நம்பலாம். அதற்கான செலவைக் குத்தகை நிறுவனம் ஏற்கிறதா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியது.

ஊடுபயிர்

நான்காவது யோசனையை இரக்கத்தால் சேர்த்தது போலத்தான் குழுவில் சிலர் நினைத்தார்கள். எண்களைப் போட்டபின் அதன் மீது எனக்கு மரியாதை கூடிவிட்டது. புதிதாக நட்ட கரும்பு விரிந்து நிலத்தை மூட மூன்று நான்கு மாதம் ஆகும். அந்த இடைவெளியில் குளிர்காலப் பயிரான உருளைக்கிழங்கு தொண்ணூறு, நூறு நாளில் வந்துவிடும். ரெதுய்யில் 1953 முதல் இயங்கும் சர்க்கரைத் தொழில் ஆராய்ச்சி நிலையம் உருளையையும் போம்தாமூர் தக்காளியையும் இப்படி ஊடுபயிராக இடுவது பற்றி நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஆர்ப்பாங்குக்கு 4 டன் உருளை கிடைத்தாலே 30 லட்சம் கிலோகலோரி. முழு ஆண்டுக் காய்கறியைவிட அதிகம், அதுவும் 300 மணி நேரத்துக்குள். காய்கறிக்குச் சொன்ன குறையும் இதற்கு இல்லை. உருளை ஓரளவு இறக்குமதியாகும் பொருள். கரும்புக்குக் கொடுத்த உரமும் நீரும் இரண்டு பயிருக்கும் பங்காகின்றன. மூன்று மாதம் மட்டும் கேட்கும் உழைப்பைச் சங்கத்தார் தர முடியும். ஆண்டு முழுதும் கேட்டால் முடியாது. குறை ஒன்றே: நடவு ஆண்டில் எளிதாக நடப்பது, வெட்டிய கட்டையே மீண்டும் தழைக்கும் மறுதாம்பு ஆண்டுகளில் சருகு மூடிய வரிசைகளுக்கிடையே கடினமாகும். ஆகையால் நிலத்தைப் பகுதி பகுதியாக வெவ்வேறு ஆண்டில் மறுநடவு செய்தால்தான் ஆண்டுதோறும் உருளை வரும்.

முடிவுக்கான பரிந்துரை

நான்கு ஆர்ப்பாங்கையும் ஒரே யோசனைக்குக் கொடுக்க வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. கல் உருளும் மேல்புறச் சரிவு ஓர் ஆர்ப்பாங் இருக்கும். கல் அகற்ற அங்கே ஆகும் செலவு எந்தப் பயிராலும் திரும்பி வராது. அதைத் தகட்டுக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். கீழ்ப்புறம் மூன்று ஆர்ப்பாங்கில் கரும்பும், ஆண்டுக்கு ஒரு பகுதியாக மறுநடவு செய்து அதன் நடுவே உருளையும். கற்குவியல்களை ஒட்டிய கால் ஆர்ப்பாங்கை மட்டும் காய்கறிக்கு வைத்துக்கொண்டால் 450 மணி நேரத்தில் முடியும். ஏழு கறிக்கு அது போதும். முழுத் தகடு முழுப் பணம் தரும் என்று வாதிடும் உறுப்பினர்களின் கணக்கு தவறில்லை. ஆனால் நிலத்தில் ஒருவரும் கால் வைக்காத இருபது ஆண்டுக்குப் பின், அதைத் திரும்ப வாங்கி உழத் தெரிந்தவர் சங்கத்தில் எஞ்சமாட்டார். பராமரிக்கப்பட வேண்டியவற்றுள் நிலமும் கருவியும் இருப்பதுபோல் கைப்பழக்கமும் ஒன்று. அதற்கு எந்தப் பட்டியலிலும் விலை இல்லை.

பொதுக்குழுவுக்கு முன்னதாக மூன்று செய்திகள் கைக்கு வரவேண்டும். பக்கத்து வயல்காரர்கள் கூட்டுறவில் இணைந்து இயந்திர அறுவடைக்கு ஒப்புகிறார்களா என்பது முதலாவது. ஒப்பாவிட்டால் கரும்புப் பகுதிக்கான என் பரிந்துரை நில்லாது, தகட்டின் பங்கு கூடவேண்டும். வேளாண் நிலத்தைப் பிற பயனுக்கு மாற்ற 2001-ஆம் ஆண்டுச் சர்க்கரைத் தொழில் திறன் சட்டத்தின்கீழ் அனுமதி தேவைப்படுமா, கம்பி இணைப்புக்கு மின்வாரியம் இடங்கொடுக்குமா என்பது இரண்டாவது. மூன்றாவது, குத்தகை வரைவின் கடைசிப் பக்கம்: காலம் முடிந்ததும் தகட்டையும் அதன் கான்கிரீட் அடித்தளத்தையும் அகற்றுவது யார் பொறுப்பு, அதற்கான பணத்தை நிறுவனம் இப்போதே வைப்பாகக் கட்டுமா என்பது. எங்களுக்கு வந்திருக்கும் வரைவில் அந்தப் பிரிவே இல்லை. அதைச் சேர்க்கும்வரை யாரும் கையெழுத்திட வேண்டாம்.